தட்டு உருண்டையா இருக்கணும்

சத்தம் வருது, படம் வரல. அப்படித்தான அண்ணாச்சி? நீங்க வாயத் தொறக்க முன்னாடியே சொல்லிட்டேன் பாத்தியளா. ஃபோன்ல நல்லா ஓடுது, டிவில போட்டா கறுப்பா கெடக்கு, உள்ள இருந்து மேளச்சத்தம் மட்டும் கேக்கு. டிவி தலையில ரெண்டு அடி அடிச்சுப் பாத்திருப்பிய. எல்லாரும் அடிக்கத்தான் செய்தாவ. டிவி மேல தப்பில்ல, பென் டிரைவு மேலயும் தப்பில்ல. குடுங்க இங்க. அந்த ஸ்டூலு ஆடும், நாற்காலில உக்காருங்க.

பேரனுக்குக் காதுகுத்தா? நல்லது, நல்லது. கயத்தாறா உங்களுக்கு? அதான பாத்தேன், புளியங்குடி மூஞ்சி இல்லையேன்னு.

விசயம் என்னன்னா, இந்தப் புது ஃபோனெல்லாம் வீடியோவ ரொம்பச் சின்னதா மடிச்சு வைக்கும். உங்க வீட்டுப் பழைய டிவிக்கு அந்த மடிப்பப் பிரிக்கத் தெரியாது. நான் பிரிச்சு, அதுக்குத் தெரிஞ்ச மடிப்புல திரும்ப மடிச்சுக் குடுக்கேன். அம்புட்டுத்தான் நம்ம வேல. ஆனா நேரம் எடுக்கும். இந்தா, கீழ பச்சையா ஒரு கோடு ஊருதுல்லா, அது அந்தக் கடைசிக்குப் போய்ச் சேரணும். அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். டீ குடிக்கியளா? ஃபிளாஸ்க்குல இருக்கு.

அந்தக் கம்ப்யூட்டரா? துணி போட்டு மூடிக் கெடக்கே, அதக் கேக்கியளா? அது நல்லாத்தான் ஓடும். இத விட வேகம். உக்கார ஆளு இல்ல. எம் மக உக்காந்திருந்தா. ஈஸ்வரி. இப்ப கோயம்புத்தூர்ல இருக்கா, வேலைக்குப் போயிருக்கா.

வேலைக்குப் போயிருக்கான்னுதான் எல்லார்ட்டயும் சொல்லுதேன். நீங்க வெளியூர்க்காரவிய, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போவுது. இங்கன உள்ளவனுக்கெல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கேப்பானுவ. டீக்கடைல போய் நின்னா, 'ஏ வேலாயுதம், எனக்கும் தொந்தி போட்டுட்டு, கொஞ்சம் ஒடுக்கி விடேன்'ம்பான் ஒருத்தன். பக்கத்துல நிக்கவன் சிரிப்பான். நானும் சேந்து சிரிச்சிட்டு, டீய பாதில வச்சிட்டு வந்திருவேன். இப்பல்லாம் போறதே இல்ல. அதான் ஃபிளாஸ்க்கு.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிருதேன் அண்ணாச்சி. நான் மூஞ்சியத் தொடல. அத மனசுல வச்சுக்கிட்டு கேளுங்க.

போன வருசம் சுரண்டைல இருந்து ஒரு இடம் வந்துச்சு. தரகர் பொன்னையா கொண்டாந்தது. நல்ல குடும்பம், மாப்பிள்ளைக்குக் கவர்மெண்டு உத்தியோகம். போட்டோ குடுத்தோம். மாப்பிள்ளையோட அம்மா என்ன சொல்லி விட்டாவன்னா, 'போட்டோவ இப்ப யாரு நம்புதா, எல்லாரும் டச்சப் பண்ணித்தான குடுக்காவ. பிள்ள நடக்கத, திரும்புதத பாக்கணும். வீடியோ ஏதும் இருந்தா குடுங்க. வீடியோல ஏமாத்த முடியாதுல்லா'ன்னு. வீடியோக்காரன் வீட்டுலயே வந்து வீடியோ கேக்காவ. எனக்குப் பெருமைதான்.

என் தங்கச்சி மக கல்யாணத்த நான்தான் எடுத்தேன். அதுல மண்டபத்துக்குள்ள சீர்வரிசை வரும். முன்னால ஈஸ்வரிதான் தாம்பாளம் தூக்கிட்டு வாரா. பச்சப் பட்டு, தலை நிறையப் பூவு. தாம்பாளத்துல வெத்தல, பழம், தேங்கா, எல்லாம் கண்ணாடித்தாள் போட்டுக் கெட்டினது; கேமராவுக்குத் தெரியட்டும்னு நேரா நிமித்திப் பிடிச்சிருக்கா. அவ நடந்து வர வர நான் பின்னால நகந்துக்கிட்டே எடுத்திருக்கேன், ஒரு ஆட்டம் இருக்காது. நான் எடுத்ததுலயே நல்லா வந்தது அதுதான். அத மட்டும் தனியா வெட்டி எடுத்தேன்.

ஈஸ்வரிட்ட கேட்டியளாம்பிய. கேக்கல. எதுக்குக் கேக்கணும்? கேமரா என்னது, மக என் மக.

அவிய வீட்டுல ஒரு பழைய டிவிடி பிளேயரு. முன்னால பென் டிரைவு சொருக ஓட்ட வச்சது. ஃபோன்ல பாக்க மாட்டாவளாம், குடும்பமா உக்காந்து டிவிலதான் பாப்பாவளாம். முதல்ல குடுத்தது ஓடல. திருப்பிக் கொண்டாந்தாரு பொன்னையா. மாத்திக் குடுத்தேன், படம் வந்துட்டு, சத்தம் வரல. நாதஸ்வரம் இல்லாம ஊமைப்படமா நடந்து போயிருக்கா எம் பிள்ள. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. ஊருக்கெல்லாம் ஓட வைக்கவன் வீட்டு வீடியோவே ஓடலன்னா என்ன நெனப்பாவ? அந்தச் சவத்துப் பிளேயரு என்ன மாடல்னு கேட்டு வாங்கி, அதுக்குன்னே பழைய மடிப்புல மடிச்சுக் குடுத்தேன். ஓடிட்டு. சத்தமும் வந்துட்டு. மறுநாள் பொன்னையா வந்து, இந்தா நீங்க உக்காந்திருக்கியல்லா, அந்த நாற்காலிலதான் உக்காந்தாரு. தலையச் சொறிஞ்சாரு.

'ஒண்ணுமில்ல வேலாயுதம். பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கோன்னு கேக்காவ.'

எனக்கு உடனே விளங்கிட்டு. அது எம் மக இல்ல அண்ணாச்சி, அது பிளேயரு. அந்தக் கல்யாணத்துக்கு நான் கொண்டு போனது என் பழைய கேமரா. அதுல படம் சதுரவாக்குல இருக்கும். இப்ப உள்ள டிவி நீளவாக்குல இருக்கும். நல்ல பிளேயருன்னா படத்த நடுவுல வச்சிட்டு ரெண்டு பக்கமும் கறுப்பா விட்டுரும். இது அப்படி விடாது. படத்தப் பிடிச்சு ரெண்டு பக்கமும் இழுத்து டிவி முழுக்க நிரப்பிட்டு. அப்படி இழுத்தா எவளா இருந்தாலும் பூசினாப்லதான தெரிவா? நீங்களே சொல்லுங்க.

இதக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. படத்துக்குள்ள உருண்டையா ஒரு சாமான் எங்க இருக்குன்னு தேடணும். தட்டு, கார் டயரு, கடிகாரம், ஏதாவது ஒண்ணு. அது உருண்டையா இருந்தா ஆளும் சரியா இருக்கான். ஈஸ்வரி இங்க வந்து உக்காந்த அன்னைக்கே சொல்லிக் குடுத்துட்டேன். 'எலுமிச்சம்பழத்த மட்டும் நம்பாத, அது பிறவியிலயே நீட்டு'ம்பேன். எலுமிச்ச மார்க்கெட்டுக்கு எதுத்தாப்ல கட வச்சிருக்கோம்லா, அதுக்குச் சொல்லுதது. அவ சிரிப்பா. வேலைல என்னய விட அவளுக்குத்தான் கண்ணு. ஏதாவது பிசகுனா, 'அப்பா, தட்டப் பாருங்க'ன்னு அங்க இருந்தே சொல்லுவா.

சரி, அத விடுங்க. கறுப்புப் பட்டைய நானே படத்தோட சேத்து ஒட்டிட்டா அந்தப் பிளேயரால இழுக்க முடியாது. அதப் பண்ணேன். ஈஸ்வரி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தா. அவ கம்ப்யூட்டர்ல உக்காந்துதான் பண்ணேன். படம் சரியா வந்துட்டு. தாம்பாளம் உருண்டையா இருந்துச்சு. நல்லாத்தான் இருந்தா.

பொன்னையா சொன்ன வார்த்த காதுக்குள்ளயே கெடந்துச்சு, பூசினாப்ல, பூசினாப்லன்னு.

கையோட கையா இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளினேன். அகலத்துக்குன்னு ஒரு நம்பர் இருக்கும், அதக் குறைச்சேன். மூஞ்சியத் தொடல. நிறத்தத் தொடல. இந்தக் காலத்துல மூஞ்சியவே வழிச்சு எடுத்துட்டு வேற மூஞ்சி வைக்கான். நான் ஒரு நம்பரத்தான் மாத்தினேன். அந்தப் பிளேயரு எம்புட்டு இழுத்துச்சு எம் பிள்ளைய? நான் சரி பண்ணேன். கொஞ்சம் சேத்து சரி பண்ணேன். அதுவும் பாக்கவனுக்குத் தெரியாது, ரெண்டு பக்கமும் கறுப்பு இருக்கதால கண்ணு பழகிரும்.

அத வாங்கிட்டுப் போன பொன்னையா திரும்ப வரும்போது வெத்தல போட்டுக்கிட்டு வந்தாரு. 'பிளேயருதான் தப்பு பண்ணியிருக்குன்னு புரிஞ்சுக்கிட்டாவ. அடுத்த நல்ல நாள்ல பொண்ணு பாக்க வாராவ'ன்னாரு. எங்க வீட்டுக்காரி பேரு கோமதி, அவ கோயிலுக்குப் போய் நெய் விளக்குப் போட்டா.

வந்தாவ. ஒரு வேன் நிறைய. ஹால்ல பாய் விரிச்சு, பெரியவியளுக்கு நாற்காலி போட்டு உக்கார வச்சோம். கேசரி, பஜ்ஜி எல்லாம் வீட்டுலயே செஞ்சது. ஈஸ்வரி ட்ரேல காபி கொண்டு வந்தா. அதே பச்சப் பட்டத்தான் கெட்டிருந்தா. அவ அம்மா கெட்டச் சொன்னது.

மாப்பிள்ளையோட அம்மா காபி டம்ளர எடுக்கல. எம் மகள மேல இருந்து கீழ பாத்தாவ. அடுப்படி வாசல எட்டிப் பாத்தாவ. பெறவு என்னயப் பாத்து, 'இது வீடியோல வந்த பிள்ள இல்லையே. இது அவளுக்கு அக்காவா?'ன்னாவ.

'எங்களுக்கு ஒத்தப் பிள்ளதாங்க'ன்னா கோமதி.

மாப்பிள்ளையோட பெரியப்பா ஒருத்தரு, வேட்டிய ஒதறிட்டு எந்திரிச்சாரு. 'ஒருத்தியக் காட்டிட்டு இன்னொருத்தியத் தள்ளி விடுத கதைய எல்லாம் நாங்களும் கேட்டிருக்கோம்'ன்னாரு.

எனக்கு ரோசம் வந்துட்டு அண்ணாச்சி. என் வீட்டு ஹால்ல நின்னு என்னயப் பொய்க்காரன்ங்காவ. பொன்னையா திருப்பிக் குடுத்த பென் டிரைவு சட்டைப் பையில இருந்துச்சு, அத எடுத்து டிவில சொருகிட்டேன். 'பாருங்க, நல்லாப் பாருங்க, இவதான அவ? அதே சேல, அதே பிள்ள'ன்னு கத்தினேன். அன்னைக்கு நான் செஞ்ச முட்டாத்தனம் அது ஒண்ணுதான்.

பெரிய டிவி. கம்ப்யூட்டர்ல பாக்கும்போது தெரியாதது அதுல தெரிஞ்சுச்சு. நாதஸ்வரக்காரரு முருங்கக்கா மாதிரி நிக்காரு. எங்க மச்சினன் தொந்தியக் காணோம். ஈஸ்வரி நடந்து வாரா, கையில தாம்பாளம் கோழிமுட்ட மாதிரி எந்திரிச்சு நிக்கு. வந்தவியள்ல யாரோ ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான்.

ஈஸ்வரி அந்த வீடியோவ அப்பத்தான் பாக்கா. ட்ரேயக் கீழ வச்சா.

'அப்பா, தாம்பாளத்தப் பாருங்க'ன்னா.

சத்தமாக்கூடச் சொல்லல. கஸ்டமர் வேலைல நான் தப்பு விட்டா எப்படிச் சொல்லுவாளோ, அப்படித்தான் சொன்னா. எனக்கு அந்த எடத்துலயே தரை பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு. டிவிய நிறுத்தலாம்னு கையக் கொண்டு போனேன். அவ ரிமோட்ட எடுத்துட்டா. டிவில படத்த விரிச்சுச் சுருக்க ஒரு பட்டன் உண்டுல்லா. அத அமுக்குனா, திரும்ப அமுக்குனா, தாம்பாளம் உருண்டையா ஆகற வரைக்கும் அமுக்குனா. அங்கன படத்த நிறுத்திட்டு, டிவிக்குப் பக்கத்துல போய் நேரா நின்னா.

'இதுதான் நான், அத்த. நடந்து காட்டணுமா?'ன்னு கேட்டா.

அந்த அம்மாதான் முதல்ல எந்திரிச்சாவ. 'போய்ச் சொல்லி விடுதோம்'ன்னாவ. எப்பவும் சொல்லுத வார்த்ததான். பொன்னையா செருப்ப மாத்தி மாட்டிக்கிட்டு ஓடுதாரு. கேசரிய ஒருத்தரும் தொடல. சாயங்காலம் கோமதி அத அக்கம்பக்கத்துப் பிள்ளையளுக்குக் குடுத்தா. கதையும் கேசரியோட சேந்து தெரு முழுக்கப் போயிட்டு.

எனக்கு இன்னைக்கும் தாங்கல. எங்கிட்ட தனியா வந்து கேட்டிருக்கலாம்லா? அத்தன பேருக்கு முன்னாடி, பெத்த அப்பன, அவன் தொழில்ல வச்சே தல குனிய வைக்கணுமா? அவ வாயத் தொறக்காம இருந்திருந்தா ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். டிவி சரியில்லன்னு சொல்லியிருப்பேன். நம்பியிருப்பாவ.

மறுநாள் காலைல எனக்கு முன்னாடியே கடைக்கு வந்துட்டா. அவ கம்ப்யூட்டர்ல நான் பண்ணின வேலையத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் உள்ள வந்ததும் திரும்பாமலே கேட்டா, 'எவ்வளவு ஒடுக்கினா உங்களுக்குப் போதும்னு தோணிச்சுப்பா?'ன்னு.

நான் அளவச் சொன்னேன். நூத்துக்குப் பதினஞ்சுதாம்மா, அதுக்கு மேல இல்லன்னேன். கேட்டதுக்குத்தான பதில் சொன்னேன்? அழ ஆரம்பிச்சிட்டா. அதுக்கு எதுக்கு அழணும்? 'மூஞ்சியத் தொடலம்மா'ன்னேன். அதுக்கு இன்னும் அழுதா. பெறவு கண்ணத் தொடச்சிட்டு, கம்ப்யூட்டர நிறுத்திட்டு, அந்தா அந்தத் துணிய எடுத்து அவளேதான் போட்டு மூடினா. அடுத்த மாசம் கோயம்புத்தூர் போயிட்டா. பள்ளிக்கூடப் பாடத்த வீடியோவா போடுத ஏதோ கம்பெனியாம், எடிட்டிங் வேல.

அவ போன பெறவு ஒரு நா துணியத் தூக்கிட்டு அந்தக் கம்ப்யூட்டரப் போட்டுப் பாத்தேன். முதல்ல சரி பண்ணினது அப்படியே இருந்துச்சு, தாம்பாளம் உருண்டையா இருந்துச்சே, அது. ஓட விட்டேன். நல்லா இருக்கா அண்ணாச்சி. பச்சப் பட்டும், பூவும், அவ நடையும். கேமராவப் பாத்து, என்னயப் பாத்துதான, சிரிச்சுக்கிட்டே வாரா. இதுல என்ன குறையக் கண்டேன்னு எனக்கே தெரியல. ஊருக்குள்ள சிரிக்கானுவன்னு ஒரு வெக்கம் இருந்துச்சு, அது பழகிட்டு. அன்னைக்கு அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன் பாருங்க, யாருமே இல்ல கடைல, அப்ப வந்த வெக்கம் இன்னும் போகல.

பச்சக் கோடு இன்னும் கொஞ்சம் போணும். இருங்க.

எங்கிட்ட பேச மாட்டா. அம்மாட்ட பேசுவா, நான் வீட்டுல இல்லாத நேரமாப் பாத்து. கோமதிக்குக் கண்ணுல புரை, ஃபோன்ல எம் பிள்ள மூஞ்சி தெளிவாத் தெரியலன்னு ஒரு நா அழுதிருக்கா. அதுல இருந்து வாரா வாரம் அவளே வீடியோ எடுத்து அனுப்புதா. ரூமக் காட்டுவா, வச்ச கொழம்பக் காட்டுவா, கூட இருக்க பிள்ளையளக் காட்டுவா. அவ வச்சிருக்கது புது ஃபோன். எங்க வீட்டு டிவி உங்க டிவி மாதிரிதான், சத்தம் வரும், படம் வராது. பெறவு யாரு மாத்திக் குடுக்க? கோமதி ஃபோனக் கொண்டாந்து இந்த மேசைல வச்சிட்டுப் போவா. நான் பிரிச்சு மடிச்சு, டிவில ஓடுத மாதிரி ஆக்கிக் கொண்டு போவேன். எம் மகள நான் பாக்கது அப்படித்தான்.

இதுல ஒண்ணு பாருங்க. எங்க வீட்டு டிவிக்கு எது ஓடும், எது ஓடாதுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். அங்கயே மாத்தி அனுப்பலாம், அவளுக்கு அது ஒரு வேலையே இல்ல. ஆனா மாத்தாமத்தான் அனுப்புதா. ஏன்னு தெரியல.

காட்டுதேன், பாருங்க. இது போன வாரம் வந்தது. இதுதான் ஈஸ்வரி. அவளுக்குப் பின்னால செவத்தப் பாருங்க. அலமாரி மேல எவர்சில்வர் தட்டு ஒண்ணு சாத்தி வச்சிருக்கால்லா? முத வீடியோல இருந்தே அது இருக்கு. மொட்ட மாடில நின்னு எடுத்தாலும் கைப்பிடிச் சுவர் மேல தட்டு இருக்கும். கோமதி திட்டுதா, 'சாப்பிட்ட தட்டக் கழுவி கண்ட எடத்துலயா சாத்தி வைப்பா, நான் வளத்த லட்சணம்'ங்கா. நான் ஒண்ணும் சொல்லிக்கிடதில்ல.

எனக்குத் தெரியும்லா. அது எனக்குத்தான் வச்சிருக்கா.

மாத்தி முடிச்சதும் இந்தத் தட்டு மேல அடிஸ்கேல வச்சு அளப்பேன். மேல கீழ ஒரு தடவ, இங்கிட்டு அங்கிட்டு ஒரு தடவ. சரியாத்தான் இருக்கும். ஒரு மயிரிழை மாத்தினது கெடையாது அண்ணாச்சி. ஆனா அத யாருட்ட போய்ச் சொல்ல?

இந்தா, முடிஞ்சிட்டு. உங்க பேரனப் பாப்போம். அட, மொட்டத் தல நல்லா உருண்டையா இருக்கே, ஒரு பிசகும் இல்ல. தாய்மாமன் மடியில எப்படிக் கத்துதான் பாருங்க. கொண்டு போய் போடுங்க, ஓடும். ஓடலன்னா எனக்கு ஒரு ஃபோன் அடிங்க. பாத்து எறங்குங்க, படி உயரம்.

அவ வீடியோ நாளைக்கு வரணும். வந்ததும் அவ மூஞ்சியப் பாக்க முன்னாடி நான் செவத்தத்தான் பாப்பேன். என்னைக்காவது ஒரு நா, போதும்னு தோணி, அந்தத் தட்ட எடுத்து உள்ள வச்சிருப்பாளான்னு.